பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு: ஃபேரர் பார்க்கும் சிங்கப்பூர்ப் பெண்களின் பயிற்றுநர்களும்

தேக்காவிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலையில் வடக்கே நடப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை யோசிக்கிறார்கள் என்று தெரியவில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள், கோயில், பெருவிரைவு ரயில் நிலையம் எல்லாம் இருக்கின்றன. குதிரையை மட்டும் காணோம். 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் அடுத்த ஆண்டே இங்கே பந்தயம் நடத்தியது. 1933இல் குதிரைகள் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த திடலுக்கு நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஃபேரரின் பெயர் நிலைத்தது. பொதுப் பணத்தில் பராமரிக்கப்பட்டு, யாரும் இறங்கி ஓடலாம் என்றிருந்த அந்த வெட்டவெளிதான் சிங்கப்பூர் விளையாட்டின் பள்ளிக்கூடமானது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வாத்தியார்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. பதக்கப் பட்டியலில் ஓடியவரின் பெயர், நாடு, நேரம் இருக்கும். ஓடவைத்தவருக்கு அங்கே இடமில்லை. சிங்கப்பூரில் பெண்களுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுப்பது எப்படித் தொடங்கியது, எப்படித் தொழிலானது என்று தேடினால் விடை விளையாட்டுச் சங்கங்களில் கிடைப்பதில்லை, பள்ளிக்கூட மணியடிப்பில்தான் கிடைக்கிறது என்பது என் வாதம்.

ஷார்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து மெல்பர்ன் வரை

1887 ஆகஸ்டில் சோஃபியா பிளாக்மோர் என்ற மிஷனரி, ஷார்ட் ஸ்ட்ரீட் கடைவீடு ஒன்றில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் முதல் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் வேர் அது. தேக்காவிலிருந்து அந்தத் தெருவுக்குச் சிறிது நேரத்தில் நடந்துவிடலாம். பெண் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வந்து, சீருடை போட்டு, திடலில் வரிசையாக நிற்பது என்ற பழக்கம் இந்த ஊரில் இத்தகைய பள்ளிகளின் வழியாகத்தான் வந்தது. பிற்காலத் தடகளப் பட்டியல்களில் தட்டுப்படும் ஜேசுதாசன், பர்னபாஸ் போன்ற கிறிஸ்தவப் பெயர்களைப் பார்க்கும்போது ஷார்ட் ஸ்ட்ரீட் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முன் பெண்களுக்கென்று தனி விளையாட்டு அமைப்பை முதலில் கட்டியவர்கள் யுரேசியப் பெண்கள். 1930ஐ ஒட்டி உருவான கேர்ள்ஸ் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஆலிஸ் பென்னிஃபாதர். பூப்பந்திலும் டென்னிசிலும் சிங்கப்பூரின் வாகையர். அதே பத்தாண்டில் இந்திய, இலங்கைப் பெண்களும் ஒரு சங்கம் வைத்தார்கள். பின்னாளில் அது கமலா கிளப் என்று அறியப்பட்டது. ஆனால் 1923இல் தொடங்கிய இந்தியர் சங்கமும் பாலஸ்டியர் திடலில் அதற்கு அண்டையிலிருந்த மற்றச் சங்கங்களும் கிரிக்கெட், ஹாக்கி, கால்பந்து என்று ஆண்களின் மாலைப்பொழுதுக்கே பெரும்பாலும் உழைத்தன. தமிழ்ப் பெண்ணுக்கு ஓடக் கற்றுக்கொடுக்க எந்தச் சங்கமும் ஆள் வைக்கவில்லை.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் டாங் புய் வா ஓடினார். சிங்கப்பூரின் முதல் பெண் ஒலிம்பிக் வீரர் அவர். 1956 மெல்பர்னுக்கு மேரி கிளாசும் ஜேனட் ஜேசுதாசனும் போனார்கள். மூன்று பேரும் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களின் பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது. அப்போதைய சிங்கப்பூரில் பெண்கள் போட்டியிட்டு ஓட வேறு வாசல் அவ்வளவாக இல்லை.

இரண்டு வேளைப் பள்ளி

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆய்வாளர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒரு சங்கதி இருக்கிறது.

போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் பிள்ளைகள் பெருகினார்கள், கட்டடங்கள் போதவில்லை. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, பிற்பகலில் இன்னொரு பள்ளி என்று இரண்டு வேளை முறை பரவியது. காலை வேளைக்காரர்களுக்குப் பிற்பகல் ஒரு மணிவாக்கில் மணி அடித்துவிடும். ஆசிரியரும் மாணவியும் ஒரே நேரத்தில் விடுதலை. சோறு, குளியல், வெயில் தாழும்வரை ஓய்வு, பிறகு திடல். பயிற்றுநர் என்ற உத்தியோகமே இல்லாத காலத்தில் பயிற்சி எப்படி நடந்தது என்ற கேள்விக்கு இந்தக் கால அட்டவணைதான் பதில் என்று நினைக்கிறேன். மாதச் சம்பளம் அரசு கொடுத்துவிட்டது. மாலை நேரத்தை ஆசிரியர் தானமாகக் கொடுத்தார். சிங்கப்பூர்த் தமிழில் நாம் அதைத் ‘தொண்டூழியம்’ என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் அந்த ஊழியத்துக்குப் பின்னால் நிலையான சம்பளம் ஒன்று இருந்ததை அது மறைத்துவிடுகிறது.

சி. குணாளனின் வாழ்க்கை இதற்கு எடுப்பான சான்று. ஆசிரியராக இருந்த அவர் கால்பந்துதான் ஆடினார். அவரை ஓட்டத்துக்கு இழுத்துவந்தவர் டான் எங் யூன், தாமே மெல்பர்ன் ஒலிம்பிக் கண்ட தடகள வீரர். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் குணாளனுக்கு 100 மீட்டர் வெள்ளி. 1968 மெக்சிகோவில் 10.38 வினாடி. அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. இந்தக் கட்டுரைக்கு அவருடைய ஓட்டத்தைவிட அதற்குப் பிறகு நடந்ததே முக்கியம். குணாளன் உடற்கல்வி விரிவுரையாளரானார், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கினார். 1984இல் உடற்கல்விக் கல்லூரியே தனியாக அமைந்தது. டான் எங் யூனிடமிருந்து குணாளனுக்கு, அவரிடமிருந்து நூற்றுக்கணக்கான பள்ளித் திடல்களுக்கு என்று ஒரு வித்தை கைமாறிப் போனதை இங்கே காணலாம். அவருடைய மனைவி சோங் யூங் யின்னும் ஓட்டக்காரர்தான்.

1973: ஒரு நெஞ்சின் தூரம்

குளோரி பர்னபாசும் ஆசிரியை. 1973 செப்டம்பரில் சிங்கப்பூர் முதன்முறையாகத் தென்கிழக்காசியத் தீபகற்பப் போட்டியை நடத்தியபோது காலாங் தேசிய விளையாட்டரங்கம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 200 மீட்டரில் எல்லாரும் எதிர்பார்த்தது பர்மாவின் ‘தான் தான்’ என்ற ஓட்டக்காரரை. இருவரும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். கண்ணால் பிரிக்க முடியவில்லை, படம்தான் தீர்ப்புச் சொன்னது. தங்கம் குளோரிக்கு.

முடிவுக்கோட்டில் இருக்கும் கேமரா நாம் நினைக்கிற மாதிரி ஒரு ‘கிளிக்’ அடிப்பதில்லை. முடியிழை போன்ற பிளவு வழியே கோட்டை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்; பிளவுக்குப் பின்னால் ஃபிலிம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரமில்லை, நேரம். அதில் தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் வராது. உடலின் நடுப்பகுதி, அதாவது நெஞ்சு, எப்போது கோட்டைத் தொட்டது என்பதுதான் கேள்வி. கடைசி எட்டில் நெஞ்சை முன்னால் சாய்ப்பதை ஓட்டக்காரர் தானாகச் செய்வதில்லை. முந்திச் சாய்ந்தால் வேகம் செத்துவிடும், பிந்திச் சாய்ந்தால் பயனில்லை. யாரோ ஒருவர் கோட்டோரம் நின்று, “இன்னும் ஒரு தடவை” என்று பல மாலைகள் சொல்லியிருக்க வேண்டும்.

பயிற்சியில் அப்படிக் கேமரா ஏது? கையிலிருந்தது ஒரு ஸ்டாப்வாட்ச். துப்பாக்கிச் சத்தம் கேட்டு விரல் அழுத்துவதற்குள் காலம் கொஞ்சம் நழுவிவிடும். அதனால்தான் 100, 200 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டுவார்கள். பழைய பயிற்றுநர்கள் சத்தத்தை நம்பவில்லை, துப்பாக்கிப் புகையைப் பார்த்து அழுத்தினார்கள். அந்தக் கட்டைவிரல் பழக்கமும் ஒரு கல்விதான்.

அடுத்த ஆண்டு டெஹ்ரான் ஆசியப் போட்டியில் சீ சுவீ லீ 400 மீட்டரை 55.08 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். அவர் ஓடியது பேட்ரிக் ஸெண்டர் நடத்திய ஸ்விஃப்ட் அத்லெட்ஸ் குழுவில். 4x400 அஞ்சலோட்டத்தில் வெள்ளி வென்ற அணியில் சுவீ லீயோடு குளோரியும் இருந்தார். இந்த இரண்டு ஆண்டுகள்தான் ஆசிரியர்–தொண்டூழியர் முறையின் உச்சம். 1973 அக்டோபரில் சிங்கப்பூர் விளையாட்டு மன்றம் பிறந்ததைத் தொடக்கம் என்று எழுதுவது வழக்கம். பெண்கள் தடகளத்தைப் பொறுத்தவரை நல்ல விளைச்சல் மன்றம் நிமிர்ந்து நிற்பதற்கு முன்பே களத்துமேட்டுக்கு வந்துவிட்டது.

கே. ஜெயமணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1977 கோலாலம்பூர்த் தென்கிழக்காசியப் போட்டியில் 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் தங்கம். 1983இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் பெண்கள் மாரத்தானிலும் தங்கம். அதை ஆண்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் அருமை புரியும். பெண்களுக்கு 1,500 மீட்டரே ஒலிம்பிக்கில் 1972இல்தான் வந்தது, மாரத்தான் 1984இல். நெடுந்தூரம் பெண்ணுடலுக்கு ஆகாது என்று உலகமே தயங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணை நெடுந்தூரம் ஓடப் பழக்கியவர் மொரிஸ் நிக்கலஸ். பின்பற்ற முன்மாதிரி குறைவு, பெண்களுக்கென்று எழுதிய பயிற்சி அட்டவணைகளும் குறைவு. சிங்கப்பூர் விளையாட்டு வரலாற்றில் இந்தப் பயிற்றுநர்–வீராங்கனை இணைக்கு இன்னும் நியாயம் செய்யப்படவில்லை என்றே சொல்வேன்.

டென்னிஸ் ஏன் வேறு கதை

இங்கே தொண்டூழியமாக நடந்த பெண்களுக்கான பயிற்சியை உண்மையிலேயே வாழ்நாள் தொழிலாக்கியது அமெரிக்கக் கல்லூரி. 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம் கல்வியில் பால்பாகுபாட்டைத் தடை செய்தது. கல்லூரிகள் பெண்கள் அணிகளுக்குப் பணம் ஒதுக்கியே தீர வேண்டியதாயிற்று. ஸ்டான்ஃபர்ட் பெண்கள் டென்னிஸ் அணிக்கு ஃபிராங்க் பிரென்னன் 2000 வரை பத்துத் தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அடுத்து வந்த லீலி ஃபரூட் 2001 முதல் 2019 வரை இன்னும் பத்து. ஒரே அணி, இரண்டே பயிற்றுநர்கள், இருபது பட்டங்கள். இதில் ஒரு முரணும் உண்டு. சட்டத்துக்கு முன் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதின் பயிற்றுநர் பெண்ணாக இருந்தார். சம்பளம் ஏற ஏற ஆண்கள் வந்தார்கள். பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது.

நம் பக்கத்தில் டென்னிசுக்குப் பள்ளித் திடலும் உதவவில்லை, கல்லூரியும் உதவவில்லை. தளம் வேண்டும், பந்து வேண்டும், எதிரே ஆட ஆள் வேண்டும், எல்லாம் செலவு. எனவே பயிற்றுநர் பதவி அப்பாவிடம் போனது. கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனுக்குத் தந்தையே குரு. 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்று ஆட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். சானியா மிர்சாவுக்கும் அப்பாதான். அதே சானியா 2014இல் காரா பிளாக்கோடும், 2015இல் மார்ட்டினா ஹிங்கிசோடும் உலக மகளிர் டென்னிஸ் இறுதிச் சுற்றின் இரட்டையர் பட்டத்தை வென்றது காலாங்கில், சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கில். ஐந்து ஆண்டுகள் அந்தப் போட்டி இங்கே நடந்தது. சிங்கப்பூரின் ஸ்டெஃபனி டானோ டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணியில் ஆடிப் பழகி, 2015 தென்கிழக்காசியப் போட்டியில் ஒற்றையர் வெண்கலம் வென்றார். அரங்கைக் கட்டினோம், கல்லூரி அணியை இரவல் வாங்கினோம்.

மணி மாறியபோது

தொண்ணூறுகளிலிருந்து பள்ளிகள் படிப்படியாக ஒற்றை வேளைக்கு மாறின. பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆனால் ஆசிரியரின் பிற்பகல் கூட்டங்களாலும் இணைப்பாட நடவடிக்கைக் கணக்குகளாலும் நிரம்பியது. பயிற்சிக்கு வெளியாட்களை ஒப்பந்தத்தில் எடுக்கும் வழக்கம் வந்தது. 2003இல் பயிற்றுநர்களுக்குத் தேசியப் பதிவேடு. 2004இல் உட்லண்ட்ஸில் விளையாட்டுப் பள்ளி. பயிற்றுநர் கடைசியில் தொழிலாளியானார், சான்றிதழும் சம்பளச் சீட்டும் வந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இலவச உழைப்பை நம்பி ஒரு தேசம் பதக்கம் வாங்கியதுதான் குறை.

குளோரிக்குப் பிறகு 200 மீட்டர்த் தங்கம் சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு வர 42 ஆண்டுகள் ஆயின. 2015இல் காலாங்கிலேயே 23.60 வினாடியில் அதை வென்ற சாந்தி பெரேரா விளையாட்டுப் பள்ளி மாணவி. அப்போதைய பயிற்றுநர் மார்கரெட் ஓ, ஒரு பெண். 2023 அக்டோபரில் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் 23.03 வினாடியில் சாந்தி தங்கம் வென்றபோது சீ சுவீ லீக்குப் பிந்தைய 49 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அந்த ஆண்டில் அவருடைய பயிற்றுநர் லூயிஸ் குன்யா, போர்ச்சுகலின் முன்னாள் ஒலிம்பிக் ஓட்டக்காரர். பள்ளி ஆசிரியையின் மாலையிலிருந்து வெளிநாட்டு நிபுணரின் ஒப்பந்தம்வரை வந்த பாதை இது. ஆயினும் அந்த 2015ஆம் ஆண்டு ஓட்டத்தை மறந்துவிடக்கூடாது: முதல் பூட்டைத் திறந்த சாவி உள்ளூரில் செய்தது.

குளோரி ஓட்டத்தை விடவில்லை. மூத்தோர் தடகள அமைப்பில் பொறுப்பேற்று, தம் வயதுக்காரர்களையும் ஓடவைத்தார். இந்தக் கட்டுரை தொடங்கிய ஃபேரர் பார்க் திடலிலோ ஏறத்தாழ 1,600 வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்குத் திட்டம் வந்திருக்கிறது. 1957இல் திறந்த நீச்சல்குளத்தின் கட்டடத்தையும் பழைய குத்துச்சண்டைக் கூடத்தையும் இடிக்காமல் வைத்துக்கொள்வார்களாம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது வேலிக்கு வெளியே நடைபாதையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி விளக்குக் கம்பத்திலிருந்து விளக்குக் கம்பத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா கைபேசியில் நேரம் பார்த்தார். மூன்றாவது ஓட்டம் முடிந்ததும், “கால பாக்காத, முன்னால பாரு” என்றார்.