டயற்றீசியன் ஆவது எப்படி? நான்காண்டு ஒருங்கிணைந்த முதுமாணிப் படிப்பும் நம் பிள்ளைகளும்

லண்டனில் நம்மவர் மத்தியில் சீனி வருத்தம் எட்டிப் பார்க்காத வீடுகள் குறைவு. ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ ரூட்டிங்கிலோ மருத்துவமனைக்குப் போய்வரும் அம்மம்மாவின் கையில் ஒரு தாள் இருக்கும். பாண் எத்தனை துண்டு, உருளைக்கிழங்கு எவ்வளவு என்று அதில் அச்சடித்திருப்பார்கள். புட்டும் இடியப்பமும் சொதியும் அதில் இராது. கூடப் போன பேரப்பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் "சோறு சாப்பிட வேண்டாமாம்" என்று சுருக்கிச் சொல்லும். அம்மம்மா தலையாட்டிவிட்டு வந்து வழக்கம்போலவே சாப்பிடுவார்.

அந்த அறையில் மேசைக்கு மறுபக்கம் இருப்பவரே டயற்றீசியன். நம் பிள்ளைகள் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று ஓடும்போது இந்தத் துறை கண்ணில் படுவதில்லை. படும்போதும் பலர் தவறான கதவைத் தட்டிவிடுகிறார்கள். ஆகவே, பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெயரில்தான் முதல் சிக்கல்

பிரித்தானியாவில் "டயற்றீசியன்" என்பது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பட்டம். சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் பேரவையில், அதாவது எச்.சி.பி.சி.யில், பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். "நியூட்றிஷனிஸ்ட்" என்ற பெயருக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்கென ஒரு பதிவேடு இருக்கிறது, ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம்.

இதனால் வரும் விளைவு பெரிது. போசாக்கியல் என்ற பெயரில் நல்ல பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று ஆண்டு படித்துப் பட்டம் பெற்றாலும், அந்தப் படிப்பு எச்.சி.பி.சி.யின் அங்கீகாரம் பெற்றதல்ல என்றால் டயற்றீசியனாகப் பதிவு செய்ய முடியாது. அதற்கு மேலும் இரண்டு ஆண்டு படிக்க வேண்டிவரும். எனவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், எச்.சி.பி.சி. வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலைப் பாருங்கள்.

நான்கு வழிகள்

முதலாவது, இளமாணிப் பட்டம். இது 3 அல்லது 4 ஆண்டுகள்.

இரண்டாவது, இளமாணியையும் முதுமாணியையும் ஒன்றாக இணைத்த நான்காண்டுப் படிப்பு. நாட்டிங்ஹாம், நியூகாசில் பல்கலைக்கழகங்கள் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டுகள்.

மூன்றாவது, உயிரியல் சார்ந்த பட்டம் ஒன்றை முடித்தவர்களுக்கான, சுமார் இரண்டு ஆண்டு பட்டப்பின் படிப்பு.

நான்காவது, வேலை செய்து சம்பளம் பெற்றுக்கொண்டே படிக்கும் பட்டத் தொழிற்பயிற்சி. இதில் மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை.

லண்டனுக்குள் கிங்ஸ் கல்லூரியிலும் லண்டன் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்திலும் இத்துறையைக் கற்பிக்கிறார்கள். கிங்ஸுக்கு இதில் நீண்ட மரபு உண்டு. ஜோன் யட்கின் போசாக்கியல் துறையை வளர்த்தெடுத்த குயின் எலிசபெத் கல்லூரி 1985 இல் கிங்ஸுடன் இணைந்தது. சீனியின் கேடு பற்றி 1972 இலேயே புத்தகம் எழுதி எச்சரித்தவர் அவர்.

ஒருங்கிணைந்த படிப்பில் என்ன இருக்கிறது?

உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனமும் இருந்தால் பெரும்பாலான கதவுகள் திறக்கும். இரசாயனத்தைக் கைவிடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். விண்ணப்பித்தபின் நேர்முகம், குற்றப் பதிவுச் சோதனை, தடுப்பூசி விபரம் ஆகியவையும் உண்டு.

தொடக்கத்தில் உடற்றொழிலியல், உயிர் இரசாயனம், உணவு விஞ்ஞானம் ஆகியவற்றைப் படிப்பார்கள். பிறகு நீரிழிவு, சிறுநீரக நோய், புற்றுநோய், குழாய் வழி உணவூட்டல் போன்ற சிகிச்சைப் பாடங்கள் வரும். நோயாளியோடு பேசி அவருடைய பழக்கத்தை மாற்ற உதவுவதும் தனிப்பாடமே. இடையிடையே மருத்துவமனைகளிலும் சமூக நிலையங்களிலும் மொத்தம் சுமார் 1,000 மணித்தியாலப் பயிற்சி உண்டு. முதுமாணி மட்டத்தில் ஆய்வு ஒன்றைச் செய்ய வேண்டும்.

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தேசிய சுகாதார சேவையில் தொடக்கச் சம்பளம் இளமாணிக்கும் முதுமாணிக்கும் ஒன்றே. இரண்டு பேரும் ஐந்தாம் படியில்தான் தொடங்குவார்கள். முதுமாணியின் பயன் பின்னால்தான் தெரியும். ஆய்வுக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் உயர்நிலைச் சிகிச்சைப் பணிக்கும் போக விரும்பும் பிள்ளைக்கு அது ஒரு படியை மிச்சப்படுத்தும். இடையில் விலக நேர்ந்தால், மூன்றாம் ஆண்டோடு கிடைக்கும் பட்டம் பதிவுக்குத் தகுதி தருமா என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம்

இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கான உச்சக் கட்டணம் 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுண். ஒருங்கிணைந்த படிப்பின் நான்கு ஆண்டுகளுக்கும் இளமாணி மாணவருக்குரிய கடனே கிடைக்கும். முதுமாணியைத் தனியாகப் படித்தால் வரும் கடன் சிக்கல் இங்கே இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் தொடங்கியவர்கள் ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டும்போது, தாண்டிய தொகையில் 9% கட்ட வேண்டும். 40 ஆண்டுகளில் மிச்சக் கடன் தள்ளுபடியாகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: தகுதியுள்ள டயற்றீசியன் மாணவருக்குத் தேசிய சுகாதார சேவையின் கற்றல் உதவி நிதியிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண் கிடைக்கிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பிள்ளை குட்டியோடு படிப்பவருக்கு மேலும் 2,000 பவுண் உண்டு. பயிற்சிக்குப் போய்வரும் மேலதிகச் செலவையும் கோரலாம்.

ஏற்கெனவே ஒரு பட்டம் எடுத்தவருக்கு இரண்டாவது பட்டத்துக்குக் கடன் கிடைக்காது என்பது பொதுவான விதி. டயற்றீசியன் படிப்பு அதில் விதிவிலக்கு. வேறு துறை படித்துவிட்டு மனம் மாறிய பிள்ளைகளுக்கும், வேலைக்குத் திரும்ப நினைக்கும் தாய்மாருக்கும் இது நல்ல வாய்ப்பு.

வதிவிட நிலை

அகதியாக ஏற்கப்பட்டவரும் அவருடைய பிள்ளைகளும் உள்நாட்டுக் கட்டணத்துக்கும் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவரிடம் பொதுவாக வெளிநாட்டுக் கட்டணமே கேட்கப்படும். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் அடைக்கலம் தேடியோருக்கெனப் புலமைப்பரிசில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். வரையறுக்கப்பட்ட வதிவிட அனுமதியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கும், வயதுக்கேற்ற நீண்டகால வதிவிட விதியின் கீழ் வழி உண்டு.

சென்னையிலோ இலங்கையிலோ உணவியல் படித்து முடித்தவர் எச்.சி.பி.சி.யின் வெளிநாட்டு வழியில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5 க்குக் குறையாத பெறுபேறு வேண்டும்.

வேலை

ஐந்தாம் படியின் தொடக்கச் சம்பளம் இங்கிலாந்தில் 2025-26 இல் 31,049 பவுண். உள் லண்டனில் 20%, வெளி லண்டனில் 15% மேலதிகக் கொடுப்பனவு சேரும். அனுபவத்தோடு ஆறாம், ஏழாம் படிகளுக்கு உயரலாம். மேலதிகப் பயிற்சி பெற்ற டயற்றீசியன்கள், மருத்துவரோடு சேர்ந்து வகுத்த திட்டத்தின்படி மருந்தும் எழுதலாம். 2016 முதல் இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

சம்பளத்துக்கு அப்பால் இதில் நமக்கென ஒரு தேவையும் இருக்கிறது. தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. ஆகவேதான் உடல் நிறைச் சுட்டெண்ணில் மற்றவருக்கு 25 என்றால் நமக்கு 23 இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இது தெரிந்தவராக, குத்தரிசிப் புட்டு ஒரு நீத்துப்பெட்டி என்றால் எவ்வளவு என்பதும் தெரிந்தவராக ஒருவர் அந்த மேசைக்கு மறுபக்கம் இருந்தால், "சோறு வேண்டாம்" என்பதற்குப் பதிலாக "இவ்வளவு சாப்பிடுங்கோ அம்மா, கூட இந்தக் கீரையையும் எடுங்கோ" என்று சொல்ல முடியும்.

உயர்தரப் பாடம் தெரிவு செய்யும் வயதில் உங்கள் வீட்டில் பிள்ளை இருந்தால், இந்தத் துறையையும் ஒருமுறை மேசையில் வைத்துப் பேசுங்கள்.