கேரளத்தின் தற்காலிகத் தொழிலாளர் புலம்பெயர்வுக் கொள்கை

வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போகிறவருக்கு அங்கே குடியுரிமை கிடைப்பது மிக அரிது; ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் வகுத்த புலம்பெயர்வுக் கொள்கைக்கு இதுவே அடிப்படை.

1970-களில் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடாப் பயணம் பெருகியது. 1977-இல் மாநில அரசு ஒடெபெக் என்ற ஆள்சேர்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. மத்திய அரசின் 1983 குடியகல்வுச் சட்டம் ஏஜெண்டுகளுக்கு உரிமத்தையும், பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சில நாடுகளுக்குச் செல்ல முன் அனுமதியையும் கட்டாயமாக்கியது. ஊர் திரும்பியவரின் பிழைப்பு அதன் வரம்புக்குள் வரவில்லை. 1990-இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் மீட்கப்பட்டார்கள். அவர்களில் மலையாளிகள் ஏராளம்.

1996 டிசம்பர் 6 அன்று கேரளம், வெளியே வாழும் கேரளத்தவரின் நலனுக்காக நோர்க்கா என்ற தனித் துறையை அமைத்தது. அதன் களப்பணி அமைப்பான நோர்க்கா ரூட்ஸ் 2002-இல் வந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரவாசி (புலம்பெயர்ந்தோர்) நல வாரியம் உருவாகி, சந்தா கட்டியவருக்கு 60 வயதுக்குமேல் ஓய்வூதியம் தருகிறது. குறைந்தது 2 ஆண்டு வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் தொழில் தொடங்க, வங்கிக் கடனோடு மூலதன மானியமும் வட்டிச் சலுகையும் உண்டு. இத்திட்டங்களுக்குப் புள்ளிவிவரம் தந்தது திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம். கே.சி. சக்கரியா, எஸ். இருதயராஜன் ஆகியோர் 1998-இல் தொடங்கிய அதன் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருந்த மலையாளிகளை அவ்வாண்டில் சுமார் 13.6 லட்சம் என்றும், 2013-இல் 24 லட்சம் என்றும் மதிப்பிட்டது.

அதே 2013-இல் குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் இன்னொரு கணக்கை வெளியிட்டது: கேரளத்தில் வேலை செய்யும் வெளிமாநிலத்தவர் சுமார் 25 லட்சம். முன்பு தமிழர்கள் செய்த கட்டட வேலையில் மேற்கு வங்காளம், அசாம், ஒடிசா இளைஞர்கள் நிறைந்திருந்தார்கள். 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையேயான தொழிலாளர் சட்டம் ஒப்பந்ததாரர் மூலம் வருபவரை மட்டுமே காத்தது. உறவினரை நம்பித் தானாக ரயிலேறி வந்தவருக்கு அது உதவவில்லை. 2010-இல் கேரளம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கெனத் தொடங்கிய நலத்திட்டம், இறந்தவரின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பவும் பணம் ஒதுக்கியது. வளைகுடாவில் மாண்ட மலையாளிக்காக நோர்க்கா செய்யும் அதே உதவி இது. 2017-இல் இவர்களுக்கு ஆவாஸ் என்ற காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2019-இல் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 620 பேர் தங்கும் 'அப்னா கர்' விடுதி திறக்கப்பட்டது. முயற்சி நல்லது. ஆனால் 25 லட்சம் பேருக்கு முன்னால் 620 இடம் மிகச் சிறிது. பெரும்பாலோர் இன்றும் நெரிசலான வாடகை அறைகளில்தான் தங்குகிறார்கள்.