உண்மைச் சீருடையும் பொய்க் கப்டனும்



சில வாரங்களுக்கு முன் நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு தம்பி கலையகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். யேர்மனியில் பழைய வீடுகளைத் துப்புரவாக்கிக் கொடுக்கும் வேலை செய்பவர். இறந்துபோன முதியவர் ஒருவரின் வீட்டுக் கூரையறையில், ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய ஆமிச் சட்டை ஒன்று கிடந்ததாம். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டாம் என்று அவரிடமே கொடுத்துவிட்டார்கள். ஒரு வியாபாரி 50 யூரோ தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொருவரோ, "இதில் ஒரு கழுகுச் சின்னத்தைத் தைத்தால் பத்து மடங்கு விலை போகும், சின்னம் என்னிடம் இருக்கிறது" என்றாராம். "அண்ணை, தைக்கட்டோ?" என்று கேட்டார் தம்பி.

கணக்காளன் என்றால் எல்லாவற்றுக்கும் விலை சொல்வான் என்று நினைத்தாரோ தெரியாது. அன்று நேரம் போதவில்லை. பிறகு தேடிப் படித்தவற்றை இங்கே தருகிறேன்.

விலைக்கு முன் ஒரு கதை. 1906 ஒக்டோபர் 16ஆம் திகதி, அப்போது பேர்லினுக்கு அருகில் இருந்த கோபெனிக் என்ற ஊர். பிரஷ்யப் படைக் கப்டனின் உடையில் வந்த ஒருவர், வழியில் கண்ட படையினரைத் தன் பின்னால் வரச் சொல்லிக் கட்டளையிட்டார். அவர்களும் வந்தார்கள். நகரசபைக்குள் நுழைந்து நகரபிதாவைக் கைது செய்தார். பணப்பெட்டியில் இருந்த சில ஆயிரம் மார்க்குகளை எடுத்துக்கொண்டு, அதற்குப் பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்தார். (என் தொழில்காரர்களுக்கு இந்த இடம் பிடிக்கும்.) பின்னர் மறைந்துவிட்டார்.

அவர் பெயர் வில்ஹெல்ம் ஃபோய்க்ற். வயது 57, தொழில் சப்பாத்துத் தைப்பது. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவர். வெளியே வந்து பேர்லினில் வேலை செய்தபோதும், பழைய குற்றவாளி என்று பொலிசார் அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவரை நகரைவிட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். பதிவில்லாமல் ஒளித்திருந்தார். கடவுச்சீட்டு ஒன்று எடுக்கத்தான் நகரசபைக்குப் போனதாகப் பின்னர் சொன்னார். நம்பாதவர்களும் உண்டு, விசாவுக்கு வரிசையில் நின்ற எங்களில் பலர் நம்பக்கூடும். நான்கு ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் 1908இல் கைசர் மன்னிப்பளித்தார். 1922இல் லக்ஸம்பேர்க்கில் இறந்தார். இன்று அதே நகரசபை வாசலில் அவருக்குச் சிலை நிற்கிறது.

இந்தக் கதைக்கும் தம்பியின் சட்டைக்கும் என்ன தொடர்பு? ஃபோய்க்ற் தன் சீருடையின் பாகங்களைப் பழைய உடுப்புக் கடைகளில்தான் வாங்கிச் சேர்த்தார். அவர் உடம்பில் இருந்த துணி உண்மைத் துணி. கப்டன்தான் பொய். பழைய சீருடைச் சந்தையில் மிகவும் சிக்கலான மோசடியும் இதே வகைதான். புதிதாகத் தைத்த போலியைப் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. உண்மையான சாதாரணச் சட்டையில் உண்மையான உயர்படைப் பட்டிகளைத் தைத்து, "இன்ன படையணியின் அதிகாரி அணிந்தது" என்று விற்றால் பிடிப்பது கடினம்.

முதலில் காலம் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். 1870ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யக் காலாட்படை அணிந்தது கருநீலம். சாம்பற்பச்சைச் சீருடை 1910ஐ ஒட்டித்தான் படை முழுவதற்கும் வந்தது. 1915இல் எளிமையாக்கப்பட்ட சட்டையில் முன்பக்கப் பொத்தான்கள் துணிக்குள் மறைந்திருக்கும். கூர் வைத்த தோற்தொப்பி 1842இல் பிரஷ்யாவில் வந்தது. 1916இல் உருக்குத் தொப்பி அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. தோல் தட்டுப்பாட்டால் இடையில் கம்பளிப் படிவத்திலும் தகரத்திலும்கூட அந்தத் தொப்பிகளைச் செய்தார்கள். தோல் இல்லையே, போலி என்று அவற்றை எறிந்துவிட்டால் நட்டம் உங்களுக்கே.

அடுத்து உட்புறம். முதலாம் உலகப் போர்ச் சட்டையின் உட்துணியில் படைப்பிரிவின் உடுப்புக் களஞ்சிய முத்திரையும் ஆண்டும் இருக்கும். இரண்டாம் உலகப் போர்ச் சட்டையில் களஞ்சிய நகரத்தைக் குறிக்கும் எழுத்து, ஆண்டு, அத்துடன் ஐந்து அளவெண்கள் இருக்கும்: முதுகு, கழுத்து, மார்பு, முழு நீளம், கை நீளம். அளவுநாடாவை எடுத்து அளந்து பாருங்கள். எண்ணும் சட்டையும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கோளாறு. 1942, 43 அளவில் தொழிற்சாலைப் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண் வந்தது. 1938 என்ற ஆண்டும் அந்த எண்ணும் ஒரே சட்டையில் இருந்தால் கணக்கு இடிக்கிறது.

கடைகளில் காசுத்தாள் சோதிக்கும் ஊதா விளக்கையும் பலர் பிடித்துப் பார்ப்பார்கள். இன்றைய நூலில் வெண்மையூட்டும் இரசாயனம் இருப்பதால் அது பளிச்சென்று ஒளிரும். ஆனால் பாட்டி ஒருவர் 1960களில் சவர்க்காரத் தூளில் தோய்த்த உண்மைச் சட்டையும் ஒளிரும்! ஆகவே அது ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பு அல்ல. உள்மடிப்பில் இருந்து ஒரு நூலை எடுத்து எரித்தால் கம்பளி தலைமயிர் கருகும் நாற்றம் வீசிச் சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகி மணிபோலக் கட்டியாகும். சின்னத்தின் கீழே துணி மங்காமல் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பல ஆண்டுகள் இருந்த சின்னம் தன் நிழலை விட்டுச் செல்லும்.

விலையைத் தீர்மானிப்பது வயது அல்ல, கிடைக்கும் அளவுதான். கிழக்கு யேர்மனியின் படை 1990 ஒக்டோபரில் நாட்டோடு சேர்ந்து மறைந்தபோது அதன் சீருடைகள் மலைபோலச் சந்தைக்கு வந்தன, அதனால் மலிவு. நாசிப் படைகளின் உடுப்புக்கோ விலையும் அதிகம், போலியும் அதிகம். அந்த உடுப்புகளை ஆசையோடு தேடுபவர்களில் எல்லோரும் வரலாற்று மாணவர்கள் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யேர்மனியக் குற்றவியல் சட்டத்தின் 86ஆம் பிரிவின் 'அ' உட்பிரிவு, கல்வி, ஆய்வு, கலை போன்ற தேவைகளுக்கன்றி அந்தச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. பிரான்சில் 2000ஆம் ஆண்டு பாரிஸ் நீதிமன்றம், இணைய ஏலத்தில் இத்தகைய பொருட்கள் பிரெஞ்சு மக்களுக்குக் கிடைக்காமல் தடுக்கும்படி யாகூ நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. தம்பி கழுகைத் தைத்து விற்றிருந்தால் வாங்கியவரை ஏமாற்றிய பழியோடு இதுவும் சேர்ந்திருக்கும்.

இனி அந்தச் சட்டை. படம் அனுப்பச் சொன்னேன். சாம்பற்பச்சை அல்ல, கரும்பழுப்பு. பொத்தான்கள் சாதாரணக் கடைப் பொத்தான்கள். வலது மார்பில் ஏதோ பிடுங்கப்பட்ட தையல் துளைகள். உட்புறத்தில் 'எம்' என்ற எழுத்தும் 40 என்ற எண்ணும் மங்கலாகத் தெரிந்தன: மியூனிச் களஞ்சியம், 1940. தம்பியின் மனைவி தையல் நாடாவால் அளந்தார். ஐந்து எண்களும் ஒத்துப்போயின.

1945இல் தோல்வியடைந்து திரும்பிய படையினருக்கு மாற்று உடுப்பு இல்லை. படைச் சின்னங்களோடு சீருடை அணிவதை நேச நாடுகள் தடைசெய்துவிட்டன. எனவே சின்னத்தைப் பிடுங்கி, சாயம் போட்டு, அதே சட்டையோடு வேலைக்குப் போனார்கள். முதற் குளிர்காலத்தில் தேவாலயத்தில் கொடுத்த கோட்டோடு வேலை தேடிய எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சேகரிப்பவர்கள் இதைப் பழுதானது என்று 50 யூரோ சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், கழுகோடு கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சட்டையைவிட இது கூடுதலாகப் பேசுகிறது.

தைக்கவேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். அவரும் தைக்கவில்லை. பெட்டியின் அடியில் கிடந்த ஒரு படத்தையும் பிறகு அனுப்பினார்: ஒரு இளைஞன் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான், அதே பொத்தான் வைத்த சட்டையோடு. இரண்டையும் சேர்த்து அந்த ஊர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா என்று அந்த முதியவரின் மகளிடம் கேட்டிருக்கிறார். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம்.