வேரைத் தேடி – 7: பாலத்தருகே மூன்று பங்காளிகள்

சின்னமலையைத் தாண்டி சைதாப்பேட்டைக்குள் நுழையும்போது அடையாற்றைக் கடக்கிறோமே, அந்தப் பாலத்துக்குத் தனித்தமிழ் தந்த மறைமலை அடிகளின் பெயர். அதன் அருகே ஒரு பழைய கல்வெட்டு. 1726-இல் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் அங்கே கட்டிய மர்மலாங் பாலத்தின் மிச்சம் அது. பாரசீகம், அர்மீனியம், லத்தீன் என மூன்று மொழிகளில் எழுத்து.

மூன்றும் பங்காளி மொழிகள். பொறித்த சிற்பிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் பேசிய பிறகுதான் அந்தக் குடும்பத்தின் உறவுமுறை உலகத்துக்குப் புரியத் தொடங்கியது.

அப்படியானால் தமிழ் எந்த வீட்டுப் பிள்ளை?

சென்னைக் கலெக்டர் எல்லிஸ் 1816-இல் சொன்ன பதிலைப் போன வாரம் பார்த்தோம். தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் காட்டி, இது தனிக் குடும்பம், சமஸ்கிருதத்தில் பிறந்ததல்ல என்று நிறுவினார். ஆனால் அண்ணன் யார், தம்பி யார்? எப்போது பாகம் பிரிந்தார்கள்? அதைச் சொல்ல அவரிடம் கருவி இல்லை.

இருநூறு ஆண்டுகள் ஓடின. டேராடூன் வனவிலங்கு ஆய்வு நிறுவனத்தின் விஷ்ணுப்ரியா கோலிபாகமும் அவருடைய குழுவினரும் 20 திராவிட மொழிகளைப் பேசுவோரிடமே நேரில் கேட்டு அன்றாடச் சொற்களைத் திரட்டினார்கள். தமிழில் நாய், மலையாளத்தில் நாய், கன்னடத்தில் நாயி. தெலுங்கில் மட்டும் குக்க. ‘நாய்’ என்ற வேருக்கு முதல் மூன்றுக்கும் 1, தெலுங்குக்கு 0. இப்படிச் சொல் சொல்லாக எழுதிக்கொண்டே போனால் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நீண்ட எண்சரம் கிடைக்கும். உயிரினங்களின் டிஎன்ஏ சரம் மாதிரியேதான். எந்தச் சொல் எந்த வேர் என்று முடிவு செய்தது மட்டும் மனிதக் காதும் மனிதப் படிப்பும்.

சரங்கள் தயார். மரம் வரைய வேண்டியதுதானே? அங்கேதான் மலைப்பு. நான்கு மொழிகளுக்கு 15 விதமாக மரம் வரையலாம். பத்துக்கு 3,44,59,425 விதம். இருபதுக்கோ 22 இலக்கம் கொண்ட எண்! ஒவ்வொன்றாகப் பார்க்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது.

டிஎன்ஏ சரங்களிலிருந்து உயிரினங்களின் வம்சமரம் வரைவதற்காக எழுதப்பட்ட ‘பீஸ்ட்’ என்ற மென்பொருள் இங்கே கைகொடுத்தது. எல்லா மரங்களையும் அது பார்ப்பதில்லை. ஏதோ ஒரு மரத்தில் தொடங்கும். ஒரு கிளையை ஒடித்து வேறிடத்தில் ஒட்டும். சரங்களுக்கு முன்னைவிட நன்றாகப் பொருந்தினால் வைத்துக்கொள்ளும். கொஞ்சம் மோசமானாலும் சில நேரம் விட்டுவைக்கும், ஒரே மேட்டில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க. இப்படி லட்சக்கணக்கான எட்டுகள். வழியில் சேர்ந்த மரங்களில் ஒரு கிளை எத்தனை முறை தலைகாட்டுகிறதோ, அவ்வளவுக்கு அதை நம்பலாம்.

2018 மார்ச்சில் முடிவு வெளியானது. வடக்கு, நடு, தெற்கு ஒன்று, தெற்கு இரண்டு என நான்கு பெருங்கிளைகள் துலங்கின. அடிமரத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள்!

எல்லிஸ் தொட்ட வேருக்கு வயது கிடைத்துவிட்டது. ஆனால் நான்கு கிளைகளில் முதலில் வீட்டை விட்டுப் போனது எது என்று கேட்டபோது, மரத்துக்கு மரம் பதில் மாறியது. அடிமரத்தருகே மென்பொருள் ஏன் தடுமாறியது?

(அடுத்த வாரம்)