விளக்கின் பசி: சாலைச் சிக்னலுக்கு மாற்று மின்சாரம் வந்த வரலாறு

மின்தடையின்போதும் அணையாத சாலைச் சிக்னலின் வரலாறு பெரும்பாலும் பேட்டரியின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. உண்மையில் அதற்கு வழி திறந்தது விளக்குதான் என்பது இக்கட்டுரையின் வாதம். 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்ட சிக்னல் கேஸில் எரிந்தது. காவலர் ஒருவர் கையால் இயக்கினார். அடுத்த மாதமே அது வெடித்தது. 1914 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் மின்சிக்னல் இயங்கத் தொடங்கியபோது கேஸ் அபாயம் ஒழிந்தது. ஆனால் மின்கம்பியில் நேரும் கோளாறு அப்படியே நாற்சந்திக்கும் வந்து சேரும் நிலை உருவானது.

தமிழகத்தில் இந்தப் பிணைப்பு அம்பலமானது 2008 முதல் 2015 வரையிலான மின்பற்றாக்குறைக் காலத்தில். 2012இல் சென்னைக்கு அறிவிக்கப்பட்ட தடை 2 மணி நேரம். பிற மாவட்டங்களிலோ பல நாள்கள் 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. தருமபுரி அந்த இரண்டாம் வரிசையில் இருந்தது. சேலம், கிருஷ்ணகிரி, பென்னாகரம், திருப்பத்தூர் எனத் திசைக்கொரு சாலை பிரியும் ஊர் அது. அங்குள்ள நான்கு ரோடு போன்ற சந்திப்பில் விளக்கு அணைந்தால், வலப்புறம் வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற, அன்று நடப்பில் இருந்த 1989ஆம் ஆண்டு சாலை விதி மட்டுமே மிஞ்சும். நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டிகள் வந்து நின்றால் எல்லாருக்கும் வலப்புறம் ஒருவர் இருப்பார்; விதியால் முடிச்சு அவிழாது.

அன்றே பேட்டரி வைத்திருக்கலாமே எனலாம். கணக்கு இடம் கொடுக்கவில்லை. நாற்சந்தியில் எட்டு சிக்னல் முகங்கள், முகத்துக்கு ஒரு விளக்கு எரிகிறது என்று கொள்வோம். 100 வாட் குண்டு பல்பானால் தேவை 800 வாட். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி உண்டு. இழப்பு போக எழுபது சதவீதம் கைக்கு வந்தால் ஒரு மணி நேரமே தாங்கும். அதே முகங்களில் 10 வாட் எல்இடி பொருத்தி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 20 வாட் ஒதுக்கினால் மொத்தம் 100 வாட். அதே பேட்டரி எட்டு மணி நேரம் ஓடும். பேட்டரி மாறவில்லை, விளக்கின் பசி பத்தில் ஒன்றாகச் சுருங்கியது.

இப்போது மின்வெட்டே குறைந்துவிட்டது, இந்தச் செலவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பற்றாக்குறையால் வந்த வெட்டு ஓய்ந்தாலும், துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிற்கும் மின்சாரம் பல இடங்களில் மாலை 5 மணிக்கே திரும்புகிறது. அந்த எட்டு மணி நேரம்தான் கடைவீதியும் பேருந்தும் பரபரப்பாக இயங்கும் பொழுது. காவலர் கையசைத்தால் போதும் என்பது வலுவான மறுப்பு. நெரிசலுக்கேற்ப முடிவெடுப்பதில் மனிதரே மேல். ஆயினும் ஒரே மின்பாதை நின்றால் அதில் உள்ள எல்லாச் சந்திப்புகளும் ஒருசேர இருளும். எல்லா இடத்துக்கும் ஆளனுப்ப இயலாது. மூன்றாவது மறுப்பை ஏற்கத்தான் வேண்டும்: சாலையோர இரும்புப் பெட்டியின் வெக்கையில் ஈயப் பேட்டரி விரைவில் தேயும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்டால் தகடு வெளியே தெரியும், எட்டு மணி மூன்றாகும். ஆகவே ஒப்பந்தத்தில் பேட்டரி வாங்கும் தொகையோடு, அதைக் குறித்த நாளில் திறந்து பார்க்கும் பணிக்கும் தொகை எழுதப்பட வேண்டும். எல்இடி ஈட்டித் தந்த மணி நேரங்களைக் காப்பது அந்த இரண்டாவது தொகைதான்.