குதிகாலில் ஒரு துளி

பிறப்பிலே வந்தது பிறகு மாறாது என்பர். பிறப்பைக் காட்டித்தான் ஒருவனை உயர்ந்தோன் என்றும் மற்றவனைத் தாழ்ந்தோன் என்றும் பிரித்தனர். பிறப்பைக் காட்டித்தான், பேச்சு வராத பிள்ளையை முன்வினைப் பயனென்று மூலையிலே கிடத்தினர். தலையில் எழுதியதை அழிக்க முடியுமா என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்டதையே, மேல்நாட்டு அறிவியலார் சிலர் வேறு மொழியில் கேட்டார்கள். பரம்பரை என்றார்கள், குருதியில் ஊறியது என்றார்கள். சொல் வேறு, சோம்பல் ஒன்று! இவ்விரு கூட்டத்துக்கும் ஒருசேர விடை தந்த வரலாறு ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் ஒரு துளிக் குருதியின் வரலாறு அது.

ஆண்டு 1934. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரிலே ஒரு தாய். அவளுக்கு இரண்டு குழந்தைகள். பிறந்தபோது குறையேதும் காட்டாத குழந்தைகள்தாம். வளர வளர உடல் வளர்ந்தது, அறிவு வளரவில்லை. தாய் பல மருத்துவர்களிடம் நடந்தாள். குழந்தைகளிடம் ஒருவகை முடைநாற்றம் வீசுகிறதே, அது ஏன் என்று கேட்டாள். நாற்றத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று முதலில் ஐயுற்றது பட்டம் பெற்றோரல்லர், அந்தத் தாய். அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவர் அவள் பேச்சைத் தள்ளிவிடவில்லை. குழந்தைகளின் சிறுநீரிலே பெர்ரிக் குளோரைடு கரைசலை விட்டார். எதிர்பாராத பச்சை நிறம் எழுந்தது. லிட்டர் கணக்கில் சிறுநீரைக் கொண்டுவரச் செய்து, பிரித்துப் பிரித்துப் பார்த்து, அதிலிருந்தது பினைல்பைருவிக் அமிலம் என்று கண்டார். பிறகு மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் இருந்த 430 பேரைச் சோதித்தார். எட்டுப் பேரிடம் அதே பச்சை!

பினைல்கீட்டோனூரியா என்று பின்னர் பெயர் பெற்றது அந்நோய். நாம் உண்ணும் புரதத்தில் பினைல்அலனைன் என்றொரு பொருள் உண்டு. அதனை மாற்றிப் பயன்படுத்த உடலுக்கு ஒரு நொதி வேண்டும். இக்குழந்தைகளிடம் அந்நொதி இயங்குவதில்லை. ஆகவே அப்பொருள் குருதியில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. தாய்ப்பாலிலும் அது உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள்! தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபுக்கூறு வந்து சேர்ந்தால்தான் நோய் தோன்றும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் தோன்றாது. (இவ்வகை நோய்கள் நெருங்கிய உறவிலே மணம் செய்வோரிடையே மிகுதி. அக்காள் மகள் உரிமைப் பெண் என்று பந்தலிடும் நம்மவர் இதனைச் சற்றே சிந்திக்கலாகாதா?)

காரணம் தெரிந்தது, பரிகாரம் தெரியவில்லை. அந்நாளில் பரிகாரம் என்று பேசப்பட்டதோ கத்தி! அமெரிக்க உச்சநீதிமன்றம் 1927இல், மனவளர்ச்சி குன்றியோர் என்று அரசு கருதுவோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் எனத் தீர்ப்பளித்திருந்தது. இட்லரின் ஜெர்மனி 1933இல் அதற்கெனச் சட்டமே இயற்றியது. பின்னர் கருத்தடையோடு நில்லாது கொலைக்கும் துணிந்தது. இலண்டனிலே, இனமேம்பாட்டு ஆய்வுக்கென்றே நிறுவப்பட்ட கால்டன் பேராசிரியர் பதவியில் அமர்ந்த பென்ரோஸ் என்பார், 1946இல் வெளிவந்த தம் உரையில் இந்த நோயையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்கொள்கையைத் தகர்த்தார். நோயின்றி நடமாடுவோரில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர் இந்த மரபுக்கூற்றைச் சுமக்கின்றனர். விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளைத் தவிர்ப்பதற்காக அத்தனை பேருக்கும் கருத்தடை செய்வீரோ என்று கணக்குக் காட்டினார். வைதீகத்தின் கோட்டைக்குள்ளிருந்தே வெடித்த வேட்டு அது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1951இல், இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கு மற்றொரு தாய் வந்தாள். அவள் மகளுக்கு ஏறத்தாழ இரண்டு வயது. நிற்காது, நடக்காது, பேசாது. தலையை மோதிக்கொண்டு ஓயாது அழும். நோயின் பெயரை மருத்துவர் பிக்கல் சொன்னார். பெயர் எனக்கெதற்கு, மருந்து எங்கே என்று நாள்தோறும் வந்து நின்றாள் தாய். விரட்டப்பட்டிருந்தால் வரலாறே வேறு! பிக்கலும், ஜெரார்டும், வேதியியல் அறிஞரான ஹிக்மன்ஸ் அம்மையாரும் சேர்ந்து, பால் புரதத்தைச் சிதைத்து, கரியினூடே செலுத்தி, பினைல்அலனைனை நீக்கிய உணவொன்றை ஆக்கினர். சில மாதங்களில் நாற்றம் அகன்றது. குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது, கண்ணிலே ஒளி வந்தது, தலையை மோதுவது நின்றது. உணவால்தான் நேர்ந்ததா என்று உறுதிசெய்யத் தாய்க்குத் தெரியாமல் அந்தப் பொருளை மீண்டும் உணவில் கலந்தனர். ஒரு நாளுக்குள் குழந்தை சரிந்ததைத் தாயே கண்டுகொண்டாள். இந்தக் கலப்பை நாம் புகழமாட்டோம். அறிவியலுக்கும் அறம் வேண்டும். ஆயினும் ஐயம் அகன்றது. முன்வினை என்றார்களே, அது உணவை மாற்றியதும் எங்கே ஓடியது?

எனினும் மகிழ்ச்சி முழுமையன்று. கெட்ட மூளையை உணவு மீட்காது. கெடுமுன் காக்கத்தான் செய்யும். பிறந்த சில நாளிலேயே நோயைக் காணவேண்டும். சிறுநீர்ச் சோதனையோ வாரங்கள் கழிந்த பின்னரே பச்சை காட்டும்.

இங்கேதான் இராபர்ட் கத்ரி வருகிறார். அமெரிக்காவின் பஃபலோ நகரில் நுண்ணுயிர் ஆய்வாளர். அவருடைய மகன் ஒருவன் மனவளர்ச்சி குன்றியவன். அவன் நோய் இதுவன்று. ஆனால் 1958இல் மனைவியின் உடன்பிறந்தாள் மகளுக்கு இந்நோய் இருப்பது, காலம் கடந்து கண்டறியப்பட்டது. கத்ரி ஆக்கிய சோதனையின் எளிமை வியப்புக்குரியது. ஒரு தட்டிலே நுண்ணுயிர். அதன் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளும் உடன் இருக்கும். குருதித் துளி உலர்ந்த தாளின் சிறு வட்டத்தை அதன்மேல் வைப்பர். குருதியில் பினைல்அலனைன் மிகுந்திருந்தால் தடை முறியும். வட்டத்தைச் சுற்றி நுண்ணுயிர் வளையமாய் வளரும். அவ்வளவே! தாளை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பலாம். சிற்றூரில் பிறந்த பிள்ளையும் தலைநகர் ஆய்வுக்கூடத்தை எட்டலாம். 29 மாநிலங்களில் நான்கு இலட்சம் குழந்தைகளுக்கு மேல் சோதித்தபோது 39 பேர் அகப்பட்டனர்.

பத்தாயிரத்தில் ஒன்றுக்காக அத்தனை குழந்தைகளையும் குத்துவதா என்று கேட்டனர். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் சோதனையைச் சட்டமாக்கியபோது மருத்துவர் சங்கங்கள் முகம் சுளித்தன. மருத்துவத்தில் அரசுக்கு என்ன வேலை என்பது ஒரு வாதம். இதனை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. சோதனை இன்னும் முழுதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது மற்றொன்று. இதிலே உண்மை இருந்தது. பினைல்அலனைன் சற்றே மிகுந்திருந்த, நோயற்ற குழந்தைகள் சிலருக்கும் அக்கடுமையான உணவு தரப்பட்டு, உடலுக்கு வேண்டிய அளவுகூடக் கிடைக்காமல் தீங்கு நேர்ந்தது. பெற்றோர் சங்கங்கள் காத்திருக்க மறுத்தன. நாள் ஒன்று கழிந்தால் மூளை ஒன்று கெடும் என்பதை வீட்டிலே கண்டவர்கள் அவர்கள். மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் செய்தன.

வணிகர் வாளா இருப்பரோ? 500 சோதனைகளுக்கான பெட்டியைக் கத்ரி தம் கூடத்திலே ஏறத்தாழ 6 டாலரில் செய்தார். உரிமம் பெற்ற நிறுவனம் அதற்கு இட்ட விலை 262 டாலர்! கத்ரி கொதித்தார். ஆய்வுக்குப் பணம் தந்தது மக்களின் அரசு. ஆகவே கண்டுபிடிப்பும் அரசுக்கே உரியது என்று முடிவாயிற்று. கத்ரி அதிலே உரிமைத்தொகை ஒரு காசும் பெறவில்லை. 1995இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய அதே தாள் துளியில், 1990களிலிருந்து புதிய கருவிகளைக்கொண்டு பல பத்து நோய்களைக் காண்கின்றனர்.

பள்ளிப் பருவத்தில் உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிடலாம் என்று அன்றைய மருத்துவர் கூறினர். விட்ட பெண்கள் வளர்ந்து கருவுற்றனர். நோயில்லாத சிசுவையும், தாயின் குருதியில் தேங்கிய அந்தப் பொருள் கருவிலேயே தாக்கியது. இன்று வாழ்நாள் முழுதும் அவ்வுணவே என்பதுதான் மருத்துவ நெறி. அமெரிக்காவிலே சோதனை எல்லா மாநிலங்களிலும் நடக்கிறது; அந்த உணவின் விலையைக் காப்பீடு ஏற்குமா, பெற்றோர் ஏற்பதா என்பதோ இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.