பாம்பன் பாலம்: புயலோடு ஒரு நூற்றாண்டு

மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைத்த பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இந்தியாவில் கடலின் மேல் கட்டப்பட்ட முதல் பாலம் அது. இலங்கை வரை பாலம் அமைக்கும் யோசனை செலவு கருதிக் கைவிடப்பட்டது. மாற்றாக, தீவின் முனையிலுள்ள தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் என்ற ஏற்பாடு வந்தது. சென்னையிலிருந்து கொழும்பு செல்லும் பயணிகளை ஏற்றிச் சென்ற அந்த ரயிலுக்குப் ‘போட் மெயில்’ என்று பெயர்.

சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தில் 145 கண்கள் சிறிய இரும்புக் கர்டர்களால் ஆனவை. நடுவே, கப்பல்களுக்கு வழிவிட இரு புறமும் மேலெழும் ‘ஷெர்சர்’ தூக்குப் பகுதி இருந்தது. தொழிலாளர்கள் கையால் இயக்கித்தான் அதைத் திறந்தனர்.

பாலத்தின் பலமும் பலவீனமும் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வெளிப்பட்டன. அன்றைய புயலில் பேரலைகள் தனுஷ்கோடியை மூழ்கடித்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது கடல் அதை அடித்துச் சென்றது. 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்ததாகப் பதிவு, ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தின் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. ஆனால் தூக்குப் பகுதி தப்பியது.

சீரமைப்புப் பணி இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறு மாதமாக இருந்த கெடு மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. அவர் 46 நாட்களில் முடித்தார். கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீனவர்களின் துணையோடு தேடி எடுத்து மீண்டும் பொருத்தியதே இந்த வேகத்துக்குக் காரணம்.

பாலம் மீண்டது, தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அரசு அந்த ஊரை அறிவித்தது. ரயில் இராமேசுவரத்தோடு நின்றது. இலங்கைக் கப்பலும் இராமேசுவரத்திலிருந்தே புறப்பட்டு, 1984 வரை ஓடியது. இருபுறமும் கடல் சூழ்ந்த மணல்திட்டில் மீண்டும் தண்டவாளம் போடாமல் பின்வாங்கியதும் புயலுக்கான ஒரு பதில்தான்.

பிற்காலத்தில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்தப்பட்டது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டபோதெல்லாம் சிக்னல் சிவப்புக்கு மாறி ரயில் நின்றது. பெருஞ்செலவின்றிப் பயணிகளைக் காத்த ஏற்பாடு இது. 1988இல் அருகிலேயே சாலைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, ரயில் நின்ற நாட்களிலும் தீவுக்கு மாற்று வழி கிடைத்தது.

புயல் எப்போதாவது வரும். உப்புக்காற்றோ ஆண்டு முழுதும் வீசும். துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவது பாலத்தின் தீராத வேலையாக இருந்தது. 2007இல் மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையாகி, பாலத்தின் மேல் சுமையும் கூடியது. தூக்குப் பகுதி பலவீனமடைந்ததால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழையதைவிட இது 3 மீட்டர் உயரம் கூடியது. 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி மோட்டாரின் உதவியால் செங்குத்தாக 17 மீட்டர் எழும்பும். துருவைத் தடுக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டன. ஆயினும், திறப்புக்கு முன்பே 2024இல் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சில குறைகளைச் சுட்டிக்காட்டினார். பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் என வேக வரம்பும் விதிக்கப்பட்டது.

உயரமும் உயர்தர எஃகும் கடலோரப் பாலத்துக்கு அவசியம். ஆனால் அவை மட்டும் போதா. காற்று மிஞ்சும்போது ரயிலை நிறுத்தும் விதி, இடைவிடாத பராமரிப்பு, காக்க முடியாத இடத்தை விட்டு விலகும் துணிவு ஆகியவையும் வேண்டும் என்பதே பாம்பனின் நூற்றாண்டு அனுபவம்.